மூன்றாம் பக்கத்தில் இருந்த வாக்கியம்

அன்புள்ள கோமதிக்கு,

1. இதை எழுதுபவன் உன் தகப்பன். வயது அறுபத்தேழு. பூந்தமல்லி நீதிமன்றத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து ஓய்ந்தவன். பட்டாபிராமில், நீ வளர்ந்த அதே வீட்டில், உன் தாயுடன் வசிப்பவன். இடது கண்ணில் புரை விழுந்திருப்பது தவிர வேறு குறை இல்லை. சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதுகிறேன்.

2. நீயும் உன்னுடன் வேலை பார்க்கும் அறுவரும் சேர்ந்து செய்திருக்கும் இதயத் துடிப்புக் கருவியை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்த இருக்கிறீர்கள். அவர் ஒப்பமிட வேண்டிய சம்மதப் பத்திரத்தை எழுதித் தரும்படி சென்ற ஞாயிறு பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கேட்டாய். இக்கடிதம் அந்தக் கோரிக்கைக்கான பதில்.

3. நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

தொலைபேசியை வைத்த உடனே, நீ சொன்னதைக் குறித்துக்கொண்டேன். தொழில் விட்டாலும் பழக்கம் விடவில்லை. "அப்பா, அவர் அச்சகத்தில வேலை பார்க்கிறவர். ரெண்டு பொண்ணுங்க. ரொம்ப பயந்த சுபாவம். நீங்கதான் முதல் ஆள்னு எடுத்த உடனே எழுதியிருந்தா எழுந்து போயிடுவார். போனார்னா ஆறு மாசம்கூட தாங்க மாட்டார்ப்பா. சட்டப்படி அந்த விஷயம் இருக்கணும், ஆனா கண்ணுல படக்கூடாது. உங்களுக்குத்தான் அப்படி எழுத வரும்." நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்த உன் அம்மா, பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே என்னை அதிகம் நிலைகுலையச் செய்தது உன் கடைசி வாக்கியம். ஏனென்றால் அது உண்மை. எனக்கு அப்படி எழுத வரும். ஒரு முறை எழுதியும் இருக்கிறேன். அதை உன்னிடம் இதுநாள்வரை சொன்னதில்லை.

காதர் பாயை உனக்கு நினைவிருக்கும். பூந்தமல்லியிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை பஞ்சடிக்கும் வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் வருவாரே, அவர். நம் வீட்டு மெத்தைகளைப் பிரித்து முற்றத்தில் கொட்டி அடித்தால் தெருமுனைவரை பஞ்சு பறக்கும். நீ தலையெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டு நிற்பாய். "பாப்பாவுக்கு இப்பவே நரச்சிப்போச்சி, மாப்ள பாக்க முடியாது சார்" என்று அவர் கேலி செய்ததற்காக நீ ஒரு நாள் முழுக்க அவரிடம் பேசவில்லை. எதிலும் தான் முதலாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. "எங்க தெருவுல மொதல்ல டிவி வாங்குனது யாரு? நம்பதான். ஊரே நம்ப ஊட்லதான் குந்தினு பாத்துச்சி" என்று வருடம் தவறாமல் சொல்வார். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது வந்தவர், வில்லை எடுக்காமலே உட்கார்ந்துவிட்டார். கால்கள் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டதாக அரசு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அங்கே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இருந்தது. ஆனால் அவருக்கு முன்னால் காத்திருந்தவர்களின் பட்டியல் அவர் உயிரைவிட நீளமாக இருந்தது.

அப்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சபாபதி அண்ணாச்சி ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். அவரையும் நீ அறிவாய். திருநெல்வேலிக்காரர், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருபது வருடம் இருந்து, வேலையை விட்டுவிட்டுப் பட்டறை தொடங்கியவர். அவருடைய தம்பி இதே நோயில் போனவர். வெளிநாட்டு இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, லாரி வைப்பர் மோட்டாரை வைத்துப் பம்பு செய்து, இங்கே கிடைக்கும் பொருட்களால் அதேபோல் ஒன்றைக் கட்டியிருந்தார். உடலிலிருந்து ரத்தத்தை ஒரு குழாயால் வெளியே எடுத்து, வடிகட்டி, இன்னொரு குழாயால் திருப்பி அனுப்பும் இயந்திரம். பட்டறையின் சட்ட வேலைகளை நான்தான் கவனித்தேன். ஒரு ஞாயிறு உன்னையும் கூட்டிப்போய்க் காட்டினேன். சுற்றும் பம்பின் முன் நீ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. உன் படிப்பு அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது என்று நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "நாலு மாசமா ஆட்டு ரத்தத்துல ஓட்டிப் பாத்தாச்சு, வக்கீலய்யா. இனி மனுசன்தான் பாக்கி" என்றார் அண்ணாச்சி. காதர் பாயின் பெயரை அவரிடம் சொன்னவன் நான். அதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். அவர்களாக என்னைத் தேடி வரவில்லை. நான்தான் இருவரையும் சேர்த்துவைத்தேன். நல்லது செய்வதாகவே அப்போது நம்பினேன். இப்போதும் அதில் பாதியை நம்புகிறேன்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு சிறு மருத்துவமனை ஒப்புக்கொண்டது; அதன் டாக்டர் மனம் உள்ளவர். பத்திரத்தை நான் தயாரித்தேன். நான்கு பக்கம். பட்டறையின் மீதோ டாக்டரின் மீதோ எந்தக் காலத்திலும் எந்த நீதிமன்றத்திலும் யாரும் கை வைக்க முடியாதபடி மூன்று முறை திருத்தி எழுதினேன். எனக்கிருந்த ஒரே இடையூறு, காதர் பாய்தான் முதல் ஆள் என்ற செய்தி. அதை விட்டால் பத்திரம் நிற்காது. வைத்தால் ஆள் நிற்க மாட்டார். ஒரு மாலை முழுவதும் யோசித்து மூன்றாம் பக்கத்தில், தண்ணீர் சுத்திகரிப்பு பற்றிய நீண்ட பத்தியின் நடுவில், இப்படி எழுதினேன்: "மேற்படி கருவியின் மனிதப் பயன்பாடு தொடர்பான முன்னனுபவம் ஆரம்ப நிலையிலேயே உள்ளது என்பதை ஒப்பமிடுபவர் நன்கு அறிவார்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதி முடித்ததும் எழுந்து போய்க் காபி குடித்தேன். நல்ல வேலை செய்த நிறைவு இருந்தது.

ஒப்பமிட்ட அன்று காலை மருத்துவமனையில் காதர் பாயும் அவர் மனைவி ஜைனப்பீயும் இருந்தார்கள். எங்கள் தொழிலில் பத்திரத்தின் அடியில் "படித்துக் காட்டி விளக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். பத்திரத்தைத் தட்டச்சு செய்யும்போதே அந்த வரியையும் சேர்த்து அடித்துவிடுவோம்; விளக்குவது பிறகு நடக்கும், அல்லது நடக்காது. பல வழக்கறிஞர்கள் படிக்கக்கூட மாட்டார்கள். நான் நேர்மையானவன் என்ற எண்ணத்தில் நான்கு பக்கங்களையும் ஒரு எழுத்து விடாமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் காதர் பாய், "இன்னா சார் இது, என் நிக்காவுக்குக்கூட இத்தினி படிக்கலையே" என்றார். ஜைனப்பீ, "அத்தப் படிச்சிருந்தா நான் ஓடியிருப்பேன்" என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மூன்றாம் பக்கத்தைத் தொடர்ந்தேன். படித்து முடித்ததும் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்கு முன்னாடி யாருக்குனா இத்தப் போட்டுகீறாங்களா சார்?"

இல்லை என்பது ஒரு சொல். அதைச் சொல்ல எனக்குச் சில விநாடிகள் இருந்தன. "அதெல்லாம் மூணாவது பக்கத்துல இருக்கு, பாய். இப்பதானே படிச்சேன்" என்றேன்.

"நீங்க படிச்சா சர்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கோமதி, நீதிமன்றத்தில் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறெங்கோ கைகாட்டும் சாட்சியை ஒரு நிமிடத்தில் மடக்கிவிடுவேன். அன்று நான் நின்ற இடத்தில் வேறொருவர் நின்றிருந்தால் அவரை என்ன பாடு படுத்தியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

முதல் மூன்று முறை இயந்திரம் நன்றாக ஓடியது. காதர் பாய்க்கு வீக்கம் வடிந்தது. பசி எடுத்தது. "உங்க மிஷினு வைப்பர் மோட்டாராமே, மழ பேஞ்சா நின்னுடாதே" என்று அண்ணாச்சியைச் சீண்டினார். நான்காம் முறை, பாதியில், அவருக்கு மூச்சுத் திணறி இதயம் நின்றது. டாக்டர் முடிந்ததைச் செய்தார். உன்னிடம் நான், நோய் முற்றிவிட்டது என்று சொன்னேன். நீ அழுதாய். பிறகு அண்ணாச்சி அடுத்த இயந்திரத்தைச் செய்ததும் அதில் இரண்டு பேர் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்ததும் உனக்குத் தெரியும். அந்தக் கதையைத்தான் நீ உன் கல்லூரி நேர்காணலில் சொன்னாய். நான் மறைத்தது இடையில் நடந்ததை.

காதர் பாய் அடக்கமான மறுநாள் மதியம் அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா கொடுத்த மோரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ரத்தம் திரும்பிப் போற குழாய்ல காத்துக் குமிழி ஒண்ணு போனத பாத்தேன்னு நெனைக்கேன், வக்கீலய்யா. அலாரம் அடிக்கல. அதுக்குள்ள அவுக திணற ஆரம்பிச்சிட்டாக. குமிழிதானா, இல்ல நோய்தானா, சத்தியமா சொல்ல முடியல. ஆனா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றார். நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நினைக்கிறேன்ங்கிறது சாட்சியம் ஆகாது, அண்ணாச்சி. உறுதியா தெரியாததை யார்கிட்டயும் சொல்லாதீங்க. எழுதியும் வைக்காதீங்க." அவர் மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். என் ஆலோசனைப்படியே நடந்தார். அடுத்த இயந்திரத்தில் குமிழியைக் கண்டால் பம்பே நின்று குழாயைக் கவ்விப் பிடிக்கும்படி செய்தார். ஏன் அப்படிச் செய்தார் என்பது எந்த நோட்டிலும் இல்லை. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த மதியத்துக்குப் பிறகு கணக்குவழக்கு தவிர வேறெதையும் அவர் என்னிடம் பேசியதில்லை.

அந்த ஆலோசனையின் கேடு அதோடு நிற்கவில்லை. காதர் பாய் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வெளியூரிலிருந்து இருவர் வந்து முதல் இயந்திரத்தின் வரைபடத்தை நகலெடுத்துப் போயிருந்தார்கள். தங்கள் ஊரிலும் செய்யப்போவதாகச் சொன்னார்கள். அலாரத்தில் கோளாறு இருக்கலாம் என்று அவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருக்க வேண்டும். போட்டால் அது எழுத்து. எழுத்து இருந்தால் அது ஆவணம். ஆகவே போடவில்லை. அவர்கள் அதைச் செய்தார்களா, யாருக்காவது பொருத்தினார்களா என்று நான் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற பயம். புதிய கருவி செய்பவர்களுக்கு முந்தையவரின் தோல்விதான் பாடப்புத்தகம் என்று நீயே ஒருமுறை எனக்குச் சொன்னாய். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதப்படாமல் போகக் காரணம் உன் தகப்பன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து ஜைனப்பீ தன் தம்பியுடன் பூந்தமல்லியில் இருந்த என் அலுவலகத்துக்கு வந்தார். வழக்குப் போட வரவில்லை. ஒன்று கேட்க வந்தார். "ஆசுபத்திரி ஆயா சொல்லிச்சி, எங்க ஊட்டுக்காரருக்குத்தான் மொதமொதல்ல போட்டாங்களாமே. மெய்யா சார்?" நான் அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். காதர் பாயின் கையெழுத்துதானே என்றும் கேட்டேன். ஜைனப்பீ அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். "இதுக்கு அதான் அர்த்தமா?" என்றார். ஆமென்று தலையசைத்தேன். அவர் பத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "சொல்லியிருந்தா வேணாம்னு சொல்ற ஆளு இல்ல சார் அவுரு. நான்தான் மொத ஆளுன்னு தெருப் பூராச் சொல்லினு போயிருப்பாரு. அத்தோட எங்கிட்ட நாலு வார்த்த பேசிட்டும் போயிருப்பாரு."

இதை நான் எத்தனை முறை எனக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்து மறைத்தேன். போயிருக்க மாட்டார் என்கிறார் அவருடைய மனைவி. ஆனால் இதிலும் உனக்கு நான் ஆறுதல் சொல்ல முடியாது. உன் அச்சகத் தொழிலாளி காதர் பாய் இல்லை. அவர் உண்மையைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். போய், ஆறு மாதத்தில் இறந்தும் போகலாம். உங்கள் கருவியும் அடுத்த ஆளுக்காகக் காத்திருந்து, அந்த இடைவெளியில் வேறு சிலர் போகலாம். உண்மை சொன்னால் எல்லாம் நன்றாக முடியும் என்று எழுத எனக்குத் துணிவில்லை. அது எப்படி முடியும் என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது, உன்னுடையதோ என்னுடையதோ அல்ல என்பதை மட்டுமே சொல்கிறேன். அந்த உரிமையை நான் ஒருவரிடமிருந்து இலக்கண சுத்தமாகத் திருடினேன்.

நீ கேட்ட பத்திரத்தை நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு தாளை இணைத்திருக்கிறேன். அதன் முதல் வரி: "இந்தக் கருவியை இதுவரை எந்த மனிதருக்கும் பொருத்தியதில்லை, நீங்கள்தான் முதல் ஆள்." மற்ற வரிகளும் அந்த அளவுதான். உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைப் பார்த்துச் சிரிப்பார். பாதுகாப்பே இல்லை என்பார். அவர் சொல்வது சரி. அவர் தனியாக எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் இந்தத் தாளை நீயே அந்த அச்சகத் தொழிலாளியிடம் படித்துக்காட்ட வேண்டும். டாக்டர் அல்ல, வழக்கறிஞர் அல்ல, கருவியைச் செய்தவளாகிய நீ. அவர் மனைவியும் உடன் இருக்கட்டும். படித்தபின் அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். அவர் எழுந்தால் வழிவிடு.

இவ்வளவும் எழுதி முடித்தது வியாழக்கிழமை. உறையில் இடப்போகும்போது, என் தரப்பை மட்டும் கேட்டு ஒரு தீர்ப்பு எழுதியது போல இருந்தது. மறுநாள் காலை பேருந்தேறி நசரத்பேட்டைக்குப் போனேன். ஜைனப்பீ இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்க்கிறேன். "வாங்க வக்கீல் சார், எளச்சிட்டீங்களே" என்று நாற்காலி போட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவரிடம் இக்கடிதத்தை, காற்றுக் குமிழி உட்பட, முழுவதும் படித்தேன். அண்ணாச்சி சொன்னதைப் படித்த இடத்தில் அவர் முகம் மாறியது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு வந்த பகுதியை முடித்ததும் கையை உயர்த்தினார்.

"அங்க ஒண்ணு உட்டுட்டீங்க சார்."

"என்னம்மா?"

"அவுரு போன அன்னிக்கிக் காலைல அவுருக்கு இன்னா குடுத்தேன்னு என்னக் கேட்டீங்க. எளநின்னு சொன்னேன். நீங்க பேனாவ எடுத்து எழுதிகினீங்க. எழுதிட்டு, கிட்னி போனவங்களுக்கு எளநி ஆவாதுன்னு டாக்டர் சொல்லலியான்னு கேட்டீங்க."

எனக்கு நினைவில்லை. அதை அவரிடமே சொன்னேன்.

"எனக்குக் கீது சார். வெயிலா கீதுன்னு கேட்டாரு, ஒரே ஒரு எளநி. பன்னெண்டு வருசமா நான்தான் அவரக் கொன்னுட்டேன்னு நெனச்சிகினு கீறேன். எம் பொண்ணுகிட்டகூட சொல்லல. இப்ப வந்து குமிழின்றீங்க. எது சார் நெசம்?"

"தெரியாதும்மா. எளநியா இருக்கலாம். குமிழியா இருக்கலாம். நோயாவும் இருக்கலாம். யாருக்குமே தெரியாது."

"அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல முயன்றிருப்பேன். வீட்டுக்குத் திரும்பியதும் பரணிலிருந்த பழைய காகிதக் கட்டை இறக்கி, உன் அம்மாவை டார்ச் பிடிக்கச் சொல்லித் தேடினேன். இருக்கிறது. என் கையெழுத்தில், ஒரு துண்டுத் தாளில்: "மரணத்தன்று காலை இளநீர் அருந்தியுள்ளார் — மனைவியே கூறியது." அடிக்கோடும் இட்டிருக்கிறேன். வழக்கு வந்தால் பயன்படும் என்று எடுத்து வைத்தது. வழக்கு வரவில்லை; நான் மறந்துவிட்டேன்.

ஆகவே இணைப்புத் தாளின் அடியில் என் கையால் ஒரு வரியைச் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். "சிகிச்சையின்போது தவறு ஏதும் நேர்ந்ததாக எங்களுக்குச் சந்தேகம் வந்தால், அது உறுதிப்படாவிட்டாலும், அன்றைக்கே உங்கள் குடும்பத்தாரிடம் சொல்வோம்." இந்த வரியை உங்கள் வழக்கறிஞர் நிச்சயம் அடிக்கச் சொல்வார். நானாக இருந்தாலும் அடிக்கத்தான் சொல்லியிருப்பேன். அடிக்காதே.

கடிதத்தில் சாட்சியாக ஒப்பமிடுவாரா என்று நேற்று மறுபடியும் போய் ஜைனப்பீயிடம் கேட்டேன். தாள்களை என் கையிலிருந்து வாங்கி, நான் படித்தது போதாது என்று, தானே முதலிலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் காத்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஒப்பம்)
பட்டாபிராம்

சாட்சிகள்:
1. க. ஜைனப்பீ, காதர் பாயின் மனைவி, நசரத்பேட்டை
2. சரோஜா, உன் அம்மா